ஐந்து மாதம் பதினொரு நாள்

அந்த விமான நிலையத்தில் பன்னிரண்டாம் நம்பர் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவளுக்கு, உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'ஆறுமாசம்'. நேரில் அக்கா என்பார்கள். அவள் தலை மறைந்ததும் ஆறுமாசம். அவளுக்கும் அது தெரியும். கோபமில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் அவளைத் தாண்டி ஈ, காக்கைகூடப் போக முடியாது. அதனால் வந்த பெயர் அது.

பத்தொன்பது வருடமாக அதே வேலை. எந்த நாட்டுக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டும், எங்கே இறங்கிய பிறகு கொடுப்பார்கள், எங்கே விமானம் மாறுவதற்கே தனி விசா கேட்பார்கள், எங்கே திரும்பி வரும் டிக்கெட்டைக் காட்டாவிட்டால் வாசலிலேயே நிறுத்துவார்கள் என்று எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவள். பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கினால் முதலில் தேதி, அப்புறம் வெற்றுப் பக்கங்கள், கடைசியில்தான் ஆளின் முகம். மேசையிலிருக்கும் கம்ப்யூட்டரில் பயணியின் நாட்டையும் போகிற நாட்டையும் தட்டினால் சட்டம் திரையில் வந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்கள் தட்டுவார்கள். அவள் தட்டுவதில்லை. தட்டினால் என்னவோ தன் மரியாதைக்குக் குறைச்சல் என்று நினைப்பு.

இத்தனைக்கும் அவளிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. முதுகு ஒடிந்து இரண்டு வருடமாக வீட்டோடு கிடக்கும் கணவன் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வான். "ஊரையே ஏத்தி அனுப்புற. நீ ஒரு தடவையாவது ஏறியிருக்கியா?"

"நான் ஏறிட்டா செக் பண்றது யாரு?" என்பாள்.

அவளுடைய கெடுபிடிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐந்து மாதம் மிச்சமிருந்த பாஸ்போர்ட்டோடு வந்த ஒருவனை, பாவம் பார்த்து ஏற்றிவிட்டாள். அந்த நாட்டுக்காரர்கள் அவனை அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பி, விமானக் கம்பெனி தலையில் அபராதத்தையும் கட்டிவிட்டார்கள். இவளுக்கு மெமோ வந்தது. எட்டு மாதம், தொலைந்த பெட்டிகளைக் குவித்து வைக்கும் ஜன்னலில்லாத அறையில் போட்டார்கள். இன்னொரு மெமோ வந்தால் வீட்டுக்குத்தான் என்றும் சொல்லி வைத்தார்கள். அன்றிலிருந்து பாவம் பார்ப்பது என்ற பழக்கத்தையே விட்டுவிட்டாள்.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. ஷிஃப்ட் தொடங்கும்போது சர்க்குலர் நோட்டு ஒன்று கைமாறி வரும். எந்த நாடு எந்தச் சட்டத்தை மாற்றியது என்று அதில் ஒட்டியிருப்பார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து எல்லோரும் போடுவார்கள். படிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. ஒருவர் முதுகை மேசையாக்கி இன்னொருவர் போட்டுவிட்டு ஓடுவார்கள். அவளும் அப்படித்தான். எனக்குத் தெரியாத சட்டமா என்ற நினைப்பு வேறு.

ஒரு திங்கட்கிழமை காலை, வரிசையில் ஒரு பெரியவர் வந்து நின்றார். நாற்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது பிற்பாடு பேச்சில் தெரிந்தது. கையில் ஒரே ஒரு பை. முகத்தில் நாலு நாள் தாடி. பாஸ்போர்ட்டை நீட்டும்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார். "பையன் அங்க ஆஸ்பத்திரில இருக்கான்மா. மெஷின் வச்சிருக்காங்க. டாக்டர் வரச் சொல்லிட்டாராம். மருமக ஃபோன் பண்ணிச்சு. போன வருஷம் பேரப்பிள்ளையைப் பாக்கப் போனேன், அந்த விசா இன்னும் இருக்கு."

அவள் தேதியைப் பார்த்தாள். மனக்கணக்கு போட அவளுக்கு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது. ஐந்து மாதம் பதினொரு நாள்.

"ஐயா, இதுல ஏத்த முடியாது. ஆறு மாசம் இருக்கணும்."

அவருக்குப் புரியவில்லை. "இன்னும் காலாவதி ஆகலையேம்மா."

"ஆகலை. ஆனா அங்க இறங்கினா உங்களை வெளியவே விடமாட்டாங்க. அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க. அலைஞ்சதுதான் மிச்சமாகும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பெரிய ஆபீசர் யாராவது இருந்தா ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கம்மா."

"பத்தொன்பது வருஷமா இதே வேலை. அவங்களே என்னைத்தான்யா கேப்பாங்க."

அது பொய்யில்லை. நாலு கவுண்ட்டர் தள்ளி நின்ற மேலாளர் தலையை மட்டும் திருப்பி, "அவங்க சொன்னா சரியா இருக்கும் சார்" என்றுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். பெரியவர் கவுண்ட்டரை விட்டு நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்தார்கள். அவளுக்கும் மனம் கேட்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் பாஸ்போர்ட் ஆபீஸ் விலாசத்தை எழுதினாள். அவசர வழியில் கேட்டால் நாலு நாளில் புதியது கிடைக்கும், பழையதையும் மறக்காமல் கொண்டுவர வேண்டும், விசா அதில்தான் இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினாள். காகிதத்தை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நண்பகல் வாக்கில் பக்கத்துக் கவுண்ட்டரில் ஒரு தம்பதி. அதே நாடு. புதிதாகச் சேர்ந்த பெண் அவர்களுக்கு போர்டிங் பாஸ் அடித்துக்கொண்டிருந்தாள். மேசையில் விரித்து வைத்த பாஸ்போர்ட்டில் இவள் கண் பழக்கதோஷத்தில் தேதிக்குப் போனது. நாலு மாதம்கூட இல்லை. பாய்ந்து போய் அதை மூடினாள். "என்ன பண்ற நீ? மெமோ வாங்கணுமா?"

அந்தப் பெண் திரையை இவள் பக்கம் திருப்பினாள். "இல்லக்கா. அந்த நாட்டுக்கு ஆறு மாசம் வேணாம்னு போன மாசமே மாத்திட்டாங்க. தங்குற நாள் வரைக்கும் செல்லுபடியானா போதும். சர்க்குலர்ல உங்க கையெழுத்தும் இருக்கே."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் இருந்ததை இரண்டு தடவை படித்தாள். நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். வரிசையில் ஏழாவதாக, அழகாகச் சுழித்துப் போட்ட அவளுடைய கையெழுத்து.

அப்போது மணி பன்னிரண்டரை. இரவு ஏழரைக்கு அதே நாட்டுக்கு இன்னொரு விமானம் இருந்தது. அதில் இடமும் இருந்தது, அவளே பார்த்தாள். டிக்கெட் பதிவில் பெரியவரின் ஃபோன் நம்பர் இருந்தது. கவுண்ட்டர் ஃபோனிலிருந்து கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று குரல் வந்தது. பாஸ்போர்ட் ஆபீசுக்குள் ஃபோனை அணைத்துவிடச் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவரை அங்கே அனுப்பியதே அவள்தானே. மூன்று மணிக்குள் வெளியே வந்துவிடுவார் என்பதும் தெரியும்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. நம்பரை எழுதி எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள். கணவனுக்குத் தைலம் தேய்த்தாள். துணி மடித்தாள். கூப்பிட்டால் என்ன சொல்வது? தப்பு என்னுடையது என்று சொன்னால் அவர் சும்மா இருப்பாரா? புகார் கொடுத்தால் நோட்டை எடுப்பார்கள். நோட்டில் கையெழுத்து இருக்கிறது. மூன்று அடித்தது, நாலு அடித்தது. நான்தான் ஒரு தடவை கூப்பிட்டேனே, எடுக்காதது என் தப்பா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொல்லவே கூசுகிறது, அந்தச் சமாதானம் அவளுக்குப் போதுமானதாகவும் இருந்தது. விரலைத் தூக்கினால் முடிகிற காரியம். ஏழரை மணியும் ஆகி முடிந்தது.

"என்ன, யாரையாவது ஏத்தாம விட்டுட்டியா? மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு" என்றான் கணவன்.

"தலைவலி" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பெரியவர் மறுபடி வந்தார். வேறு கவுண்ட்டரில் கூட்டமே இல்லை. ஆனாலும் அவள் வரிசையிலேயே வந்து நின்றார். தாடியை மழித்திருந்தார். இரண்டு பாஸ்போர்ட்டையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார்: மொடமொடவென்று புதியது ஒன்று, ரத்து செய்து மூலையை வெட்டிய பழையது ஒன்று.

"நீங்க சொன்ன மாதிரியே ரெண்டையும் கொண்டாந்துட்டேன்மா."

"பையன் எப்படி இருக்கார்?" கேட்காமல் இருக்க முடியவில்லை.

"போயிட்டான்மா. செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான் வந்து பாக்கணும்னு வச்சிருக்காங்க."

அவளுடைய கணக்கு அவளைக் கேட்காமலே ஓடியது. திங்கள் இரவு ஏழரை மணி விமானம், அந்த ஊர் நேரப்படி செவ்வாய்க் காலை ஆறு மணிக்கு இறங்கும். ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தூரம் என்றாலும் ஏழு. ஏழிலிருந்து மத்தியானம் வரை.

"அன்னைக்கு ஒரு நம்பர்லேர்ந்து கூப்பிட்டதா மெசேஜ் வந்திருந்துச்சு" என்று பெரியவர் பேசிக்கொண்டே போனார். "இந்த ஊர் நம்பர்தான். ஆனாலும் அவனுக்கு நினைவு திரும்பி யார் மூலமாவது கூப்பிடச் சொன்னானோன்னு ஒரு நப்பாசை. சாயங்காலம் வரைக்கும் அடிச்சுப் பாத்தேன். யாரும் எடுக்கல."

கவுண்ட்டர் ஃபோன் அவருக்கும் அவளுக்கும் நடுவில் மேசைமேல் இருந்தது. அவள் ஷிஃப்ட் முடிந்து போனால் அதை எடுக்க ஆள் கிடையாது. அவள் புதிய பாஸ்போர்ட்டைத் திறந்து, இல்லாத எதையோ அதில் தேடினாள். வெற்றுப் பக்கங்களை எண்ணினாள். எல்லாமே வெற்றுப் பக்கம்தான்.

"ஒண்ணு கேக்கணும்மா" என்று பெரியவர் குனிந்தார். "மருமக ரொம்பக் கோவமா இருக்கு. அங்க அப்படி ஒரு சட்டமே இல்லைன்னு யாரோ சொன்னாங்களாம். நான்தான் பயந்துக்கிட்டு வராம சாக்கு சொல்லிட்டேன்னு நினைக்குது. மூணு நாளா சரியாப் பேசல. நான் சொன்னேன், பத்தொன்பது வருஷமா இதே வேலையா இருக்கிற பொண்ணு சொல்லுது, உனக்கு என்ன தெரியும்னு நல்லாத் திட்டிட்டேன். இருந்தாலும் மனசு அடிச்சுக்குது. நீங்களே சொல்லுங்க. சட்டம் இருக்குதானே?"

வரிசையில் அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. மேலாளரும் பக்கத்தில் இல்லை. பக்கத்துக் கவுண்ட்டர் பெண் மட்டும் தட்டுவதை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இல்லை, தப்பு என்னுடையது என்று சொன்னால் மருமகளிடம் அவர் நிமிர்ந்து நிற்கலாம். அதே வார்த்தை அந்த மனிதரைப் பயணம் முழுக்கச் சும்மா விடாது என்று ஒரு நினைப்பு வந்தது. அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டாள். உண்மையில் அவளைப் பிடித்திருந்தது அந்த ஜன்னலில்லாத அறை.

"இருக்குங்க ஐயா" என்றாள்.

அவர் மூச்சு விட்டார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த மூச்சு மாதிரி இருந்தது. போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு, "உங்க பிள்ளைங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பத்தடி தள்ளி நின்று, பையைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுத்தார். காது கொஞ்சம் மந்தம்போல; குரல் இங்கே வரைக்கும் கேட்டது.

"கேட்டுட்டேன்மா. அதே பொண்ணுகிட்டயே கேட்டுட்டேன். இருக்குன்னுதான் சொல்லுது. இனிமே அந்தப் பேச்சை எடுக்காத."