ஒரு சாண் உயரத்தில்

மலேசியாவின் கிள்ளானில் எடுத்த விண்வெளிப் படத்தில் நான் உதவி இயக்குநர். நடிகரை அந்தரத்தில் மிதக்கவிட ஒரு கிரேனை வாடகைக்கு எடுத்திருந்தோம். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் கழுத்தில் கட்டியிருந்த பெரியவர்தான் அதை இயக்கினார். ஒவ்வொரு முறையும் உயரே ஏற்றும் முன் நடிகரை ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்தி, அவர் இடுப்பில் கட்டிய பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“வெளிச்சம் போகுது அங்கிள், சும்மா படம்தானே லா” என்று எல்லோர் முன்னாலும் மைக்கில் கத்தினேன்.

“உங்களுக்குப் படம் தம்பி. எனக்கு அங்க தொங்குறது ஒரு ஆளு” என்றார்.

அடுத்த முறை, அதே ஒரு சாண் உயரத்தில் பெல்ட் அறுந்தது. நடிகர் காலூன்றிச் சிரித்தார். பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. வேறு பெல்ட் கேட்டார்.

படம் வந்ததும், பறக்கும் காட்சியை எப்படி எடுத்தீர்கள் என்று ஒரு நிருபர் கேட்டார்.

“எல்லாம் கம்ப்யூட்டர்தான்” என்றேன். கிரேனைச் சொன்னால் மைக்கில் நான் கத்தியதையும் சொல்ல வேண்டியிருக்கும்.