நான் பார்க்காத அருவிக்கு நானே வழிகாட்டி

வாடகை வேன் ஓட்டுகிறவனுக்கு வண்டி சுமாராக இருந்தாலும் போதும், வாய் நன்றாக இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும், எங்களை நம்பி ஏறி முட்டி தேய்ந்தவர்களுக்கும் இது நன்றாகவே தெரியும்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருஷங்களில், கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குக் குடும்பம் குடும்பமாக ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். கரியாலூரைத் தாண்டி வண்டியை நிறுத்துவேன். அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் அருவி. ஒரே ஒரு சிக்கல், அந்த அருவியை நான் பார்த்ததே இல்லை. கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் ஸ்டீயரிங்கைத் திருப்புகிற எனக்கு, சரிவில் காலால் இறங்க வேண்டுமென்றால் தலை சுற்றும். மலை டிரைவர் என்று பேர் எடுத்தபிறகு இதை யாரிடம் சொல்வது? தெரிந்தால் வேன் ஸ்டாண்டில் முகம் காட்ட முடியாது. என் மனைவி செல்வியிடம்கூட மறைத்தேன். "ஒரு வாட்டி என்னயும் இட்டுக்கினு போங்க" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "அங்க இன்னா இருக்குது, வெறும் தண்ணி" என்று தட்டிக் கழிப்பேன்.

பத்து நிமிஷம்

களமருதூரிலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வந்தது. நடவு முடிந்த சந்தோஷத்தில் பதினாலு பேர், ஒரு குண்டான் நிறையப் புளிச்சோறு. "எவ்ளோ தூரங்க?" என்றார் பெரியவர். "பத்து நிமிஷம்" என்றேன். யார் கேட்டாலும் அதுதான் என் பதில். நம்பிக் குண்டானையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

மூன்று மணி நேரம் கழித்துத்தான் தலை தெரிந்தது. பெரியவரின் வேட்டி முழுக்கச் செம்மண், குண்டான் நசுங்கியிருந்தது. சோறு பாதி வழியிலேயே கொட்டிவிட்டதாம். அவர் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் வந்து நிதானமாகக் கேட்டார்: "பத்து நிமிஷம்னியே தம்பி, அது எறங்கறதுக்கா, வுழுவறதுக்கா?"

குரங்குக் காவல்

கூட வரச் சொல்லி வற்புறுத்துகிறவர்களுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன். "நான் வந்துட்டா கொரங்கு வண்டிய நாஸ்தி பண்ணிடுங்க." சொல்லிவிட்டுப் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துவிடுவேன்.

ஒரு வாத்தியார் குடும்பத்தை அனுப்பிவிட்டு அப்படித் தூங்கியபோது நிஜமாகவே குரங்குகள் வந்துவிட்டன. ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு பாக்கெட் பிஸ்கட், டீச்சரம்மா மடித்து வைத்திருந்த மாற்றுப் புடவை எல்லாம் போயிற்று. கண் விழித்தபோது என் நெஞ்சின்மேல் பழத்தோல் கிடந்தது. அருவியிலிருந்து திரும்பி வந்து, மரத்தில் தொங்கிய புடவையை அண்ணாந்து பார்த்தார் டீச்சரம்மா. பிறகு என்னைப் பார்த்தார். "வண்டிக்கு நீங்க காவலா, உங்களுக்குக் கொரங்கு காவலா?"

மரத்துக்கு அந்தப் பக்கம் மச்சான்

இடஒதுக்கீடு கேட்டு மறியல் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்குள் போய்விட்டு வந்துவிடலாம் என்று ஜம்பமாகச் சொன்னவன் நான்தான். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் ஒருவரின் குடும்பத்தோடு மலையிறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி வந்தால், சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் வெட்டிப் போட்டிருக்கிறது. மரத்தின்மேல் வரிசையாக ஆட்கள். நடுவில் செல்வியின் தம்பி, என் மச்சான் ஏழுமலை.

"வா மாமா, எறங்கி ஒக்காரு. சாயங்காலந்தான் வுடுவாங்க" என்றான். இறங்கி உட்கார்ந்தேன். பொழுது போகவேண்டுமே, "அருவில தண்ணி எப்பிடி மாமா?" என்று கேட்டான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. போன மழைக்கு வந்தவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துவிட்டேன். யானை நின்றாலும் தள்ளிவிடும், இரைச்சலில் பேச்சே கேட்காது, பாறையே தெரியாது என்றேன். மரத்திலிருந்த அத்தனை பேரும் கோஷத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

ஆலைக்காரர் எழுந்து வந்தார். அந்த வருஷம் மழை கம்மி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் ஏழுமலையிடம் சொன்னார்: "நாங்க காலைலேர்ந்து சொம்புல மொண்டு குளிச்சிக்கினு இருந்தோம். இவரு எந்த மலைக்குப் போனாருன்னு கேளுங்க."

வண்டியிலிருந்து இறங்கினேன்

மரத்தை எடுக்குமுன்பே சேதி வீட்டுக்குப் போய்விட்டது. மறியலெல்லாம் ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை, செல்வி குளித்துத் தலைவாரி வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கரியாலூர் தாண்டி நிறுத்தியதும் "எறங்குங்க" என்றாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். தலைச்சுற்றலைச் சொன்னேன், ஐந்து வருஷப் பொய்யைச் சொன்னேன். அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் இறங்கினாள். வரப்பில் நாற்றுக்கட்டோடு நடந்த கால் அது. நான் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, தேய்த்துக்கொண்டே வந்தேன். களமருதூர்ப் பெரியவரின் செம்மண் என் வேட்டிக்கும் வந்து சேர்ந்தது. மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் ஒதுங்கி நின்று எனக்கு வழிவிட்டது.

கடைசியில் அருவி தெரிந்தது. நூல் மாதிரிதான் தண்ணீர். ஆனால் இத்தனை நாள் ஊருக்கெல்லாம் நான் சொன்ன எதிலும் அந்தக் குளிர்ச்சி இல்லை. செல்வி ஒரு கை நீரை அள்ளி என் முகத்தில் அடித்தாள். "அஞ்சு வருசமா ஊரையே இட்டுக்கினு வந்தீங்க. உங்கள இட்டுக்கினு வர நான் வரவேண்டியதாப் போச்சி."

இன்றைக்கும் யாராவது தூரம் கேட்டால் பத்து நிமிஷம் என்றுதான் சொல்கிறேன். உட்கார்ந்து இறங்கினால் ஒன்றரை மணி நேரம் என்பதைச் சேர்த்துச் சொல்லும் தைரியம்தான் இன்னும் வரவில்லை.