ஐஸ் கட்டிக்குள் பாய்ந்த கரண்ட்

ஐஸ் மின்சாரத்தைக் கடத்தாது என்று பள்ளிப் பிள்ளைகள் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். ஐஸ் தொழிற்சாலை முதலாளி சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கற்பிட்டிப் பக்கம் இருந்த அவருடைய தொழிற்சாலையில்தான் என் தங்கையின் கணவர் வேலை செய்தார். மோட்டார் தூக்கியில் தொங்கிய ஐஸ் கட்டியை இரும்புக் கொக்கியால் இழுத்தபோது கரண்ட் அடித்து விழுந்தார். மோட்டார் வயர் பழுதென்று முன்பே சொல்லியிருந்தாராம். முதலாளியோ, ஐஸைத் தொட்டவனுக்கு எப்படிக் கரண்ட் அடிக்கும், எதையோ நோண்டிவிட்டுப் பொய் சொல்கிறான் என்று ஊரெல்லாம் கதைத்து, வேலையை விட்டும் நிறுத்தினார்.

விசாரணை பள்ளிவாசல் காரியாலயத்தில் நடந்தது. நான் விஞ்ஞான ஆசிரியன் என்பதால் தலைவர் என்னைக் கேட்டார்.

“ஐஸால கரண்ட் பாயுமா, பாயாதா? அத மட்டும் சொல்லுங்க சேர்.”

அங்கேதான் நான் புத்தி கெட்டுப்போனேன். சுத்தமான ஐஸைப் பற்றி வகுப்பெடுத்தேன். ஒவ்வொரு நீர் மூலக்கூறும் பக்கத்து நான்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஓரிடத்தில் ஐதரசன் அயன் ஒன்று கூடினால் அந்த மின்னேற்றம் கைமாறிக் கைமாறி நகரும். ஆனால் அது போன வழி அடைபட்டுவிடும். மூலக்கூறுகள் தப்பாகத் திரும்பி நிற்கும் குறைபாடு ஒன்று அதே வழியால் நகர்ந்து எல்லாவற்றையும் திருப்பிவிட்டால்தான் அடுத்த ஏற்றம் போகலாம். ஆகவே பாயும், ஆனால் மிகக் கொஞ்சம் என்றேன்.

‘மிகக் கொஞ்சம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி என் கையைக் குலுக்கினார். மச்சான் எழுந்து போனார்.

தங்கை வீட்டுக்குப் போனேன், அவள் முகம் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சர்பத் செய்ய ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். ஓரத்துக் கண்ணாடி ஐஸை எடுத்துக்கொண்டு நடுவெள்ளையை முற்றத்தில் எறிந்தாள். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான், நடுவெள்ளை உப்பு. கிணற்றுத் தண்ணீரே உவர். உறையும்போது ஐஸ் உப்பைச் சேர்த்துக்கொள்ளாமல் நடுவுக்குத் தள்ளும். அங்கே உறையாத உப்புநீர் இழை இழையாகத் தங்கும். அதற்குள்ளால் கரண்ட் நன்றாகவே பாயும். நடுவெள்ளை உப்பென்று தெரியாத ஒருவர்கூட அந்தக் காரியாலயத்தில் இருக்கவில்லை. படித்த நானும்தான் அதைச் சொல்லாமல் விட்டேன். வெட்கக்கேடு.

அடுத்த வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், அதே தொழிற்சாலை ஐஸின் நடுவெள்ளையைக் கோப்பையில் போட்டுக்கொண்டுபோய்த் தலைவர் முன் வைத்தேன். ஒரு துண்டை வாயில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

“கரிக்குது” என்றார்.

கோப்பையைப் பக்கத்தில் நின்ற முதலாளியிடம் நீட்டினேன்.

“எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது சேர்.”

மறுநாளே முதலாளி மச்சானை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். அவரைப் பொய்யன் என்று தான் ஊரெல்லாம் சொன்னது பிழை என்று மட்டும் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.