பழைய ஏழு

அக்காவின் கம்ப்யூட்டரில் ஐ-செவன் என்ற நீல ஸ்டிக்கரை ஒட்டியது நான்தான். பிரிந்துவிடக் கூடாதென்று விரலால் அழுத்தித் தேய்த்தேன். நன்னிலத்தில் அக்காவும் அத்தானும் கட்டிய புது வீட்டைப் பங்குச் சாமியார் வந்து ஜெபம் செய்து மந்திரிக்கும் நாளுக்கு, தாய்வீட்டுச் சீராகப் போன கம்ப்யூட்டர் அது.

தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்பது என் பிழைப்பு. அக்கா வீடியோ எடிட்டிங் படித்திருந்தாள். கூத்தாநல்லூரில் ஒரு ஸ்டுடியோ, முதல் கல்யாண வீடியோவைச் சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தால் தொடர்ந்து வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அத்தானிடம் கைநீட்டாமல் இருக்க அவளுக்கு அதுதான் வழி. என் கைக்கு எட்டியவை இரண்டு: புதிதாக வந்த ஐ-த்ரீ பிராசஸர் போட்டது, இல்லையென்றால் ஏதோ ஆபீஸில் பத்து வருஷம் உழைத்துக் களைத்த ஐ-செவன். இரண்டையும் கடையில் ஓட்டிப் பார்த்தேன். புது மூன்று பழைய ஏழைத் தூக்கிச் சாப்பிட்டது, கரண்டும் குறைவு. இப்போதைய கேமரா வீடியோவைத் திறக்கவே பழசு திணறியது. அக்காவிடம் சொன்னேன். "உனக்குத் தெரியாததா தம்பி, நீ சொல்றதையே போடு," என்றாள்.

அப்புறம் அத்தான் போன் செய்தார். "மாப்ள, சீர் பார்க்க எங்க ஆளுங்க எல்லாம் வருவாங்க. அண்ணன் வீட்ல ஏழு வச்சிருக்காங்க. நம்ம வீட்ல மூணுன்னா அசிங்கமா இருக்காதா?"

விளக்கியிருக்கலாம். சீர் சின்னது என்று பேச்சு வருமே என்று எனக்கும் கூச்சம். வெட்கங்கெட்டவன் நான். பழசைத் துடைத்துப் பளபளப்பான கேபினட்டில் போட்டேன். சாமியார் அதன் மேலும் தீர்த்தம் தெளித்தார். அத்தான் வந்தவர்களுக்கெல்லாம் ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டினார்.

முதல் வீடியோவிலேயே அது நின்று நின்று போனது. சொன்ன நாள் தாண்டியது. வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. "ஏழு வாங்கிக் குடுத்தும் முடியலன்னா உனக்கு வேலை தெரியலன்னுதான் அர்த்தம்," என்றார் அத்தான் அக்காவிடம், என் எதிரிலேயே. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. வாசல் வரை வந்த அக்கா மெதுவாகக் கேட்டாள்: "தெரிஞ்சுதானேடா போட்ட?" மாற்றித் தருகிறேன் என்றேன். "இனிமே எதுக்கு?" என்று உள்ளே போய்விட்டாள்.

இன்று திருவாரூரில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு புடவை மடிக்கிறாள். போன ஞாயிறு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கிடந்தது. விலக்கிப் பார்த்தேன். ஸ்டிக்கரின் ஓரம்கூடப் பிரியவில்லை. நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன்.

"விடு தம்பி," என்றாள் அக்கா. "அத்தான் தேடுவாரு."