அம்மா வாங்கிய உறிஞ்சான்

மூடியைத் திறந்ததும் முதலில் மேலே வருவது நல்லெண்ணெய் வாசனை. அதற்கு அடியில் ஆற்று மணலின் ஈரமும், பொரித்த மீன் மசாலாவும், யாரோ ஒரு குழந்தை சிந்திய மாம்பழச் சாறும் கலந்து கிடக்கும். ஒகேனக்கலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட வண்டியில் ஏறுகிறவர்கள் விட்டுப்போவதையெல்லாம் வயிற்றில் வாங்கிக்கொண்ட அந்தப் பீப்பாய்க்கு அம்மா வைத்த பெயர் "உறிஞ்சான்". கடைக்காரர் "வேக்குவம் கிளீனர்" என்று சொல்லித்தான் விற்றார். பென்னாகரத்தில் எங்கள் தெரு முழுக்க அம்மா வைத்த பெயர்தான் நிலைத்தது.

அப்பாவுக்கு ஏழு பேர் உட்காரும் வாடகை வண்டி ஒன்று இருந்தது. வெளியே தண்ணீர் அடித்துக் கழுவுவது அவர் வேலை, உள்ளே அம்மாவின் ராஜ்ஜியம். துடைப்பத்தால் கூட்டிக் கூட்டி, மணல் சீட்டின் இடுக்குகளுக்குள் இன்னும் ஆழமாக இறங்குவதைப் பார்த்துச் சலித்துப்போன அம்மா, பெங்களூருக்கு ஒரு சவாரி வாய்த்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு அப்பாவோடு கிளம்பினாள். கடைக்காரர் கைக்கு அடக்கமான, சிவப்பு நிறத்தில் பளபளத்த ஒன்றைக் காட்டினார். அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது.

"இது தண்ணி இழுக்குமாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"தண்ணி பட்டா மோட்டார் போயிரும்மா. தூசிக்கு மட்டும்தான்."

"எங்களுக்குப் பாதி தண்ணிதானுங்க. தண்ணி இழுக்கறது எது?"

அவர் உள்ளேயிருந்து, பட்டறைகளில் வைத்திருக்கும் குண்டுப் பீப்பாய் ஒன்றை உருட்டி வந்தார். அம்மா ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கிக் குழாயை விட்டுப் பார்த்தாள். குழாயை இழுத்துக்கொண்டு நடந்து, கடைசிச் சீட்டு வரை எட்டுமா என்று அளந்தாள். இடுக்குக்கான சப்பை மூக்கு கூட வருமா என்று விசாரித்தாள். "குப்பைத்தொட்டிக்குச் சக்கரம் வெச்சாப்பல இருக்குது" என்று அப்பா முனகினார். "குப்பை அள்ளத்தானே வாங்கறோம்" என்றாள் அம்மா. அத்தோடு முடிந்தது.

உலர்ந்த மணலை முதலில் எடுத்துவிட்டுத்தான் ஈரத்தில் கை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சேறாகிவிடும். தண்ணீர் இழுப்பதற்கு முன்னால் காகித வடிகட்டியைக் கழற்றிவிட்டுப் பஞ்சு உறையை மாட்ட வேண்டும். இதையெல்லாம் அம்மா ஒரு வாரத்தில் பழகிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வாசலில் அந்த இரைச்சல் கேட்டால், ஒகேனக்கலில் அன்று நல்ல கூட்டம் என்று அக்கம்பக்கத்தில் தெரிந்துகொள்வார்கள்.

நான் ஏழாவது படித்த ஆண்டு, வத்தல்மலை அடிவாரத்துக்குச் சவாரி போன அப்பா, மலையிலிருந்து டோலி கட்டித் தூக்கிவந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிக்கொண்டார். அப்போது மலைக்குச் சாலை கிடையாது. தர்மபுரி ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன், புளியமர நிழலில் நிறுத்திய வண்டியின் பின்சீட்டிலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. இரண்டு உயிரையும் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு வீடு வந்த அப்பா வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. "சீட்டை மாத்திப்புடலாம். நீ பாக்காத" என்றார்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "பொண்ணு நல்லாருக்குதா?" என்று கேட்டாள். "ரெண்டு பேரும் நல்லாருக்காங்க" என்றதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். சுடுதண்ணீர் பட்டால் ரத்தக்கறை பிடித்துக்கொள்ளும் என்று, பச்சைத் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றுவாள், ஊறவிடுவாள், உறிஞ்சானால் இழுப்பாள். பீப்பாயைக் கவிழ்ப்பாள், மறுபடி ஊற்றுவாள். கவிழ்க்கிற தண்ணீர் சிவப்பிலிருந்து வெளுத்து, கடைசியில் வெறும் தண்ணீராக வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

ஆனால் அதற்குள் செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. அந்த வாரக் கல்யாணத்துக்கு வண்டி பேசியிருந்த பெண் வீட்டார் வந்தார்கள். "தப்பா நெனைக்காதீங்க, பொண்ணை ஏத்தற வண்டி" என்று பெண்ணின் மாமா இழுத்தார். "உக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள் அம்மா. அவர் உட்காரவில்லை. வேறு வண்டி பிடித்தார்கள். அடுத்தடுத்து இரண்டு விசேஷங்கள் அப்படியே கைவிட்டுப் போயின. வண்டியை விற்றுவிடுகிறேன் என்று அப்பா சொல்ல ஆரம்பித்தார். அம்மா, சுத்தமாகவே இருந்த வண்டியைத் தினமும் சுத்தம் செய்தாள்.

வண்டியில் பிள்ளை பெற்ற அந்த மலைப் பெண்ணும் புருஷனும் ஒரு சந்தை நாளில் குழந்தையோடு வீடு தேடி வந்தார்கள், சாமை மூட்டை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு. "வண்டி பாழாப் போச்சுங்களா அக்கா?" என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு, சந்தைக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வண்டிக் கதவைத் திறந்து பின்சீட்டில் கிடத்தினாள்.

"பொறந்த வூட்டுக்கு வந்திருக்கா எம் பொண்ணு" என்றாள்.

வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ சிரித்தார்கள். அந்தத் தாய் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அந்தச் சொல்லும் ஊரைச் சுற்றியிருக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீடுகளிலிருந்து "ராசியான வண்டி" என்று அப்பாவைத் தேடி வர ஆரம்பித்தார்கள். கல்யாணக்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள்.

இப்போது மலைக்குத் தார்ச்சாலை இருக்கிறது, ஆம்புலன்ஸ் மேலேயே ஏறிவிடுகிறது. அப்பாவின் வண்டி கைமாறிக் கைமாறி எங்கேயோ போய்விட்டது. உறிஞ்சான் மோட்டார் கருகிப் பழைய இரும்புக்குப் போயிற்று. அம்மாவும் போன பிறகு அப்பா என்னோடு ஒசூரில் இருக்கிறார். போன ஞாயிறு, புதிதாக வாங்கிய சிறிய கருவியால் என் காரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அப்பா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருபக்கம் முடித்து நிறுத்தியதும் சொன்னார்:

"உங்கம்மாவா இருந்தா இந்நேரம் பின்சீட்டையே கழட்டியிருப்பா."

நான் மறுபடி சுவிட்சைப் போட்டேன். சப்பை மூக்கைப் பின்சீட்டின் இடுக்குக்குள் விட்டேன்.