கேடயத்தில் எழுதிய பெயர்

எங்கள் தெருவில் மாவு மில் நடத்துகிறவள் மீது எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். தெருவில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். ஆனால் எங்கள் கூர்க்கா மட்டும் எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு நேரே மில்லுக்குப் போய்விடுவார், சோளம் அரைக்க. அரைக்கப் பத்து நிமிடம், பேச்சு ஒரு மணி நேரம். அப்படி என்னதான் பேசுவார்களோ!

போன கிறிஸ்துமஸுக்கு அவருக்கு எங்கள் வீட்டு முந்திரிக்கொத்தைக் கொடுத்தேன். தின்று பார்த்துவிட்டு, "அக்கா குடுக்கிற மாதிரியே இருக்கு சார்" என்றார். அன்றைக்கு முழுவதும் மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

இந்த வருடம் குடியிருப்போர் சங்கம் அவருக்குக் கேடயம் கொடுக்க முடிவு செய்தது. வாசகம் எழுதவும் விழாவில் பேசவும் என்னைக் கேட்டார்கள். விடுவேனா? நேபாளத்தில் கோர்க்கா என்று ஒரு மலையூர். ஒரு சித்தரின் பெயரால் வந்தது. பசுவைக் காப்பவன் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அந்த ஊர் ராஜாவின் படை மலைநாட்டையே பிடித்தது. அந்தச் சிப்பாய்களை வெள்ளைக்காரன் ஊர்ப்பெயரால் அழைத்தான். நாம் காவலுக்கு வருகிறவர்களை எல்லாம் அப்படியே அழைக்கிறோம். இருபது நிமிடம் முழங்கினேன். நல்ல கைதட்டல். ஓரக்கண்ணால் மில்லுக்காரியைப் பார்த்துக்கொண்டேன்.

கேடயம் கைமாறி அவளிடம் போனது. வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சாரே, நல்லாத்தான் பேசினிய. ஆனா அவருக்க ஊரு அது இல்ல. அங்கேருந்து இன்னும் ஒரு நா பஸ்ஸுல போணும். இதுல கூர்க்கான்னு மட்டும் எழுதியிருக்கிய. ஆளுக்கு ஒரு பேரு கெடையாதா?"

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பதினைந்து வருடமாகப் பார்க்கிற மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பாள். நான் கேட்பேனா?

மறுநாள் காலையில் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தவரை வழியிலேயே நிறுத்தி, பெயரைக் கேட்டேன். சொன்னார். கேடயத்தைத் திருத்தி எழுதித் தருவதாகச் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தில், "என் பேரு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார்," என்று சிரித்தார். "வந்த புதுசுலயே அக்கா சொல்லிச்சு."