குரல்வளை

மகள் ஆங்கிலப் புத்தகத்தை என் முன்னால் நீட்டினாள். "'கோ ஃபார் த ஜுகுலர்'னா என்னங்கப்பா?"

"குரல்வளையைப் பார்த்துக் கடிக்கிறது. எங்க அடிச்சா ஆள் எந்திரிக்க மாட்டானோ, அங்கயே அடிக்கிறது" என்றேன். சொல்லும்போதே மேச்சேரியில் எங்கள் ஆட்டுப்பட்டியும் அந்த விடியலின் ரத்த வாடையும் வந்துவிட்டன.

எனக்கு அப்போது எட்டு வயது. பட்டிக்குள் ஐந்து செம்மறிகள் செத்துக் கிடந்தன. ஒன்றிலும் சதை குறையவில்லை. கழுத்தில் மட்டும் பல் பதிந்திருந்தது.

"வெளிநாய் பூந்துருச்சுங்களா?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா கிளுவை வேலியைச் சுற்றி வந்தார். வெளியிலிருந்து நாய் நுழைந்திருந்தால் முள்ளில் மயிர் சிக்கியிருக்கும். எங்குமே இல்லை. பட்டியின் வாசல் படலும் கட்டியது கட்டியபடி இருந்தது. உள்ளே எங்கள் காவல் நாய் மணி வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அப்பா குனிந்து அதன் உதட்டை விலக்கினார். பல்லிடுக்கில் செம்மறியின் சிவந்த மயிர் இருந்தது.

"சாமி, நீ ஊட்டுக்குள்ள போ" என்றார் என்னிடம். அவர் கயிற்றை எடுத்ததும் மணி துள்ளிக்கொண்டு பின்னால் போனது. வெயில் ஏறிய பிறகு அப்பா வெறும் கயிற்றோடு திரும்பி வந்தார்.

"இதை வச்சு ஒரு வாக்கியம் எழுதணுங்கப்பா" என்ற மகள் பென்சிலை எடுத்தாள். "தம்பிப் பாப்பா செத்ததுக்கு நீதான் காரணம்னு நேத்து அம்மாவைச் சொன்னீங்களே, அந்த மாதிரிங்களா?"

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. என் கை தானாக வாயைத் துடைத்தது.